செர்டாங்கிலிருந்து செர்டாங்குக்கு: கனத்த பொருள்களின் இடப்பெயர்ச்சி குறித்த ஓர் ஆய்வு

வீடு மாறுகிற குடும்பம் வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிட்டுப் போகிறது என்பது பொதுவாக நம்பப்படும் கொள்கை. பொருளியல் படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள், பாட்டிமார்களும் இதையே சொல்கிறார்கள். இந்த இரு தரப்பும் ஒத்துப்போகிற கொள்கை எதுவானாலும் அதைச் சந்தேகிப்பது ஆய்வாளரின் கடமை. கெடாவின் தென்கோடியில், பண்டார் பாரு வட்டாரத்துச் செர்டாங்கிலிருந்து குடும்பச் சாமான் ஏற்றிப் புறப்படும் வாடகை லோரியின் பின்கதவைத் திறந்து பார்த்தால் அந்தக் கொள்கை அங்கேயே சரிந்துவிடும். உள்ளே ஆட்டுக்கல் இருக்கும். அதில் கடைசியாக மாவு அரைத்தது யார் என்று கேட்டால் வீட்டில் இரண்டு கருத்து எழும். அம்மி இருக்கும், அரைக்கும் கை இருக்காது. பட்டறைக்காரர் வீடென்றால் பட்டடைக்கல், வைஸ், ஓடாத மோட்டார் ஒன்று, எந்த வண்டியுடையது என்று எவருக்கும் தெரியாத கியர் பெட்டி ஒன்று, போல்ட் நட்டு நிறைந்த மைலோ டின்கள் ஆகியன தவறாமல் இருக்கும். புது வீட்டில் இறங்கியபின் காணாமல் போனவற்றின் பட்டியலோ வேறு மாதிரி: பீரோச் சாவி, குக்கர் மூடி, மூத்தவனின் பிறப்புப் பத்திரம். ஐந்து கிராம்கூட நிறையில்லாத அந்தத் தாளைத் தொலைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் பதிவு இலாகா வாசலில் நிற்கும் குடும்பங்கள் உண்டு. ஆட்டுக்கல்லைத் தொலைத்துவிட்டுப் புகார் எழுதிய குடும்பம் இல்லை. எனவே இவ்வாய்வு முன்வைக்கும் முடிபு இதுதான்: ஒரு பொருள் வீடு மாறும்போது கூடவே வருவது அதன் பயனால் அன்று, அதன்மேல் உள்ள பாசத்தாலும் அன்று, அதன் எடையால்.

இந்த முடிபைச் சோதிக்கச் செர்டாங்கைவிடத் தகுந்த களம் மலேசியாவில் கிடைப்பது அரிது. காரணம், செர்டாங் இரண்டு இருக்கின்றன. ஒன்று மேற்சொன்ன கெடாச் செர்டாங். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சிறு பட்டணம். மற்றொன்று கோலாலம்பூருக்குத் தெற்கே சிலாங்கூரில் இருப்பது. 1931-இல் விவசாயப் பள்ளி தொடங்கப்பட்டு, இன்று புத்ரா பல்கலைக்கழகம் பரந்து நிற்கும் ஊர். தோட்டத்து வேலை முடிந்து, பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை தேடிக்கொண்ட குடும்பம் முதல் செர்டாங்கிலிருந்து இரண்டாம் செர்டாங்குக்குப் போவது நடக்கக்கூடியதே. அறிவியல் சோதனையில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும் என்பார்கள். இங்கே புறப்பட்ட ஊரின் பெயரும் சேர்ந்த ஊரின் பெயரும் ஒன்று. மாறுவது முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் மட்டுமே. தொலைபேசியில் ‘செர்டாங்கிலிருந்து செர்டாங்குக்கு’ என்று மட்டும் சொன்னால் லோரிக்காரர் பக்கத்துத் தாமானுக்கு உரிய வாடகையைச் சொல்லிவிடும் ஆபத்து உண்டு. அந்த வாடகைக்கு அவரை ஒப்புக்கொள்ளச் செய்வது ஆய்வு நெறிக்கு உட்பட்டதா என்ற வினாவை இங்கே எழுப்பாமல் விடுவதே எல்லோருக்கும் நல்லது.

இனி விதியின் இயக்கத்தைப் பார்ப்போம். நடுத்தர அளவுள்ள ஆட்டுக்கல் ஒன்றின் குறுக்களவு 35 செ.மீ., உயரம் 30 செ.மீ. என்று கொண்டால் அதன் கன அளவு ஏறத்தாழ 29 லிட்டர். மாவுக் குழிக்கு நான்கு லிட்டர் கழித்தால் மிச்சம் 25. கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்கு. ஆகவே குழவியைச் சேர்க்காமலே கல் 67 கிலோவுக்குக் குறையாது. பிடி இல்லாத, வழுவழுப்பான, உருண்டால் கால்விரலைக் கேட்கும் 67 கிலோ. இதைத் தூக்க இரண்டு பேர் போதும் என்று சொல்பவர் தூக்குகிறவராக இருப்பதில்லை. நடைமுறையில் நான்கு பேர் வேண்டும். இந்த நால்வரின் உழைப்பை ‘ஏற்றுகூலி’ என்போம். அதே கல்லை வேண்டாமென்று அப்புறப்படுத்த ஆகும் உழைப்பை ‘எறிகூலி’ என்போம். எறிவதற்கும் அதே நால்வர்தான் வேண்டும். ஆனால் எறிய இடமும் வேண்டும். குப்பை லோரி அதைத் தொடாது. பக்கத்து வீட்டாருக்குத் தரலாமென்றால் அவர்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதை யாரிடம் தள்ளலாம் என்று அவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிரியான் ஆற்றில் உருட்டிவிடலாமென்றால் அதற்கு லோரி வேண்டும். லோரி வந்தபின் ஆற்றுக்கு ஏன் போக வேண்டும்? ஆக, எறிகூலி ஏற்றுகூலியைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாகவே நிற்கிறது. மேலும், நம் நாட்டில் வீட்டுச் சாமான் லோரிக்கு வாடகை பேசுவது நடைக்கும் தூரத்துக்கும். கிலோ கணக்கில் அன்று. மூன்று டன் லோரியில் ஒரு தோட்டக் குடும்பத்தின் சாமான் முழுவதும் ஏறினாலும் இடம்தான் நிறையுமே தவிர எடை நிறையாது. கல்லுக்கென்று தனியாக ஒரு வெள்ளிகூட ஆவதில்லை. எடை குறைந்த பொருளின் கதை வேறு. அதை எறிவது சுலபம், எடுத்துச்செல்வதும் சுலபம். இரண்டும் சுலபமாக இருப்பதால் அங்கே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முடிவெடுக்க வேண்டிய இடத்தில்தான் வீட்டில் வாக்குவாதம் வருகிறது. வாக்குவாதம் முடிவதற்குள் பொருள் தொலைந்துவிடுகிறது.

எடையே தகுதியாகிவிடும் இந்தப் போக்கு கெடாவுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ருஷ்யாவில் சான்று இருக்கிறது. பீட்டர் மன்னரின் குதிரைச் சிலைக்குப் பீடமாக வைக்க ‘இடிக்கல்’ என்ற பெரும்பாறையை 1769-70 குளிர்காலத்தில் நகர்த்தினார்கள். எடை ஏறத்தாழ 1,250 டன். இழுத்தவர்கள் 400 பேர். கல்லுக்கு அடியில் உருண்டவை உலோகக் குண்டுகள். கடற்கரைவரை ஆறு கிலோமீட்டர் தரைவழி. பாறையை இருந்த இடத்திலேயே செதுக்கிச் சிறிதாக்கிக் கொண்டுவரலாம் என்பது சிற்பி ஃபால்கோனேயின் விருப்பம். பேரரசி கேத்தரின் ஒப்பவில்லை. முழுசாக வரவேண்டும் என்றார். பயன்தான் அளவுகோல் என்றால் சிற்பியின் பேச்சு வென்றிருக்க வேண்டும். வென்றது எடை. அந்தப் பாறை மிக வேகமாக நகர்ந்த நாளிலும் 150 மீட்டரைத் தாண்டவில்லை. அதே வேகத்தில் செர்டாங்கிலிருந்து செர்டாங்குக்கு வர 2,000 நாளுக்கு மேல், அதாவது குறைந்தது ஐந்தரை ஆண்டு ஆகும். வாடகை லோரி தாமதமாக வந்தது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளலாம்.

இந்த முடிபுக்கு வரக்கூடிய மறுப்புகளில் முதலாவது, கல் வருவது பாசத்தால் என்பது. அம்மா அரைத்த கல், மாமியார் வாங்கித் தந்த அம்மி, திருமணத்தில் அம்மி மிதித்த மரபு என்று இந்தத் தரப்பு அடுக்கும். மரபு உண்மைதான், ஆனால் இன்றைய கல்யாணத்தில் மிதிபடும் அம்மி மண்டபத்தில் இருக்கும் அம்மி, வீட்டு அம்மி அன்று. பாசம்தான் காரணம் என்றால் தாத்தாவின் ஒரே புகைப்படம் கல்லுக்கு முன்பாக லோரி ஏறியிருக்க வேண்டும். அது பழைய வீட்டுச் சுவரில் ஆணியோடு நின்றுவிடுவதும், மூன்றாம் மாதம் நினைவுக்கு வருவதும் எல்லோரும் அறிந்தது. நுணுகிப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. கல் முதலில் வந்து சேர்கிறது, ‘இது எதற்கு?’ என்று மருமகள் கேட்கிறாள். அதன்பிறகே பாசம் பதிலாகப் பிறக்கிறது. இரண்டாவது மறுப்பு பயனைப் பற்றியது. அதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955-இல் மின்சாரத்தில் சுழலும் ஆட்டுக்கல்லை உருவாக்கினார். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கருவி கடல் கடந்து கெடா அடுக்களைகளுக்குள் வந்து அமர்ந்தபின் கையால் ஆட்டும் கல்லுக்கு வேலை போயிற்று. ஆனால் இடம் போகவில்லை. கல்லில் அரைத்தால் ருசி தனி என்று இன்னும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதை ஆய்வு குறித்துக்கொள்கிறது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. அதைச் சிரித்துத் தள்ள முடியாது. கெடாவின் பழைய தோட்டங்களில், லயம் இடிந்து செம்பனை ஏறிவிட்ட இடங்களில், கேட்பாரற்றுக் கிடக்கும் ஆட்டுக்கற்களுக்கு என்ன விளக்கம்? எடைதான் காப்பு என்றால் அவை ஏன் கைவிடப்பட்டன? இதற்குத் தோட்டத்து வீட்டின் இயல்பைப் பார்க்க வேண்டும். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. பெயர்ப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டால் வீட்டையும் விட வேண்டும். தொடக்க காலத்தில் மாறுதல் தோட்டத்துக்குத் தோட்டம் நடந்தது. கூலிமை அடுத்த டப்ளினிலிருந்து பாடாங் செராய் விக்டோரியாவுக்கும் அங்கிருந்து பீடோங் ஹார்வர்டுக்கும் மாறிய குடும்பம், பாஸ்போர்ட் இல்லாமலே அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்லும் தோட்டத்து லோரியில் கூடவே போயிற்று. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றபோது நிலைமை மாறியது. போக வேண்டும் என்பது உறுதி, எங்கே என்பது உறுதியில்லை. சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை, புறம்போக்கில் ஒரு குடிசை, கிடைத்தால் பட்டணத்தில் ஒரு வாடகை வீடு. நான்கு பேரைத் தேடினால் நால்வரும் தத்தம் கல்லோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஏற்றவும் ஆளில்லை, எறியவும் ஆளில்லை. எனவே அந்தக் கற்களைக் குடும்பங்கள் எறிந்துவிட்டன என்று சொல்வது தவறு. கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றியிருந்த வீட்டைத்தான் எடுத்துவிட்டார்கள். விதி இங்கும் பொய்க்கவில்லை. வி. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, துண்டாடப்படவிருந்த தோட்டங்களை வாங்கியது. முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை. சமூக வரலாற்றாளர்கள் இதைத் தொழிலாளர் உரிமை, நில உடைமை என்று பலவாறு விளக்குவார்கள். இவ்வாய்வின் குறுகிய நோக்கில் அது ஆட்டுக்கற்களை ஏற்றவும் எறியவும் வேண்டாமல் காத்த ஒரே ஏற்பாடு. அப்படி ஏற்பாடுகள் இன்னும் நாலைந்து இருந்திருக்கலாம்.

பட்டறைச் சாமான்களுக்கு இந்த விதி பொருந்தாது, அவை பிழைப்புக்கான கருவிகள் என்பவர்களுக்கு வைஸையும் பட்டடைக்கல்லையும் விட்டுக்கொடுத்துவிடலாம். வெல்டிங் செட்டையும் கொடுத்துவிடலாம். மைலோ டின் பற்றி என்ன சொல்வார்கள்? ஒற்றைப் போல்ட் எடையற்றது. தரையில் கிடந்தால் பெருக்கித் தள்ளப்படுவது. அதையே மூன்று லிட்டர் கொள்ளும் டின்னில் போட்டு நிரப்பினால், இடுக்குகளுக்குப் பாதி இடம் போனாலும், இரும்பின் அடர்த்தியில் டின் 11 கிலோவைத் தாண்டும். பத்து டின் சேர்ந்தால் ஆட்டுக்கல்லைத் தூக்கிச் சாப்பிடும். தனித்தனியே எறியத்தக்கவை ஒன்றுசேர்ந்ததும் எறிய முடியாதவை ஆகிவிடுகின்றன. இதற்கு ‘டின் விளைவு’ என்று பெயரிட விழைகிறோம். பட்டறைக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். தனியாகக் கிடக்கும் துருப்பிடித்த நட்டைக் கண்டதும் எடுத்து டின்னுக்குள் போடுவது அந்த நட்டுக்கு வாழ்நாள் காப்புறுதி எடுப்பதற்குச் சமம்.

கடைசியாக, கல் புது வீட்டில் எங்கே போய் நிற்கும் என்பதையும் எடையே தீர்மானிக்கிறது. கனமானது முதலில் ஏறி, ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டித் தளத்தில் உட்கார வேண்டும் என்பது லோரிக்காரர்களின் சட்டம். அதில் இயற்பியல் இருக்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது 67 கிலோ கல்லிடம் இருக்கும் ஆற்றல் அதை 25 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் கிடைப்பதற்குச் சமம். மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஜெலாபாங் நோக்கி இறங்கும்போது திடீரென்று பிரேக் பிடித்தால், கட்டாத கல் லோரிக்கு முன்பாக ஈப்போவுக்குப் போக முயலும். முதலில் ஏறியது கடைசியில்தான் இறங்கும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும், புறப்பட்ட இடத்தில் கை கொடுத்த நால்வர் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார்கள், பால் காய்ச்சி முடித்த உறவினர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கல்லை ‘இப்போதைக்கு இங்கே வையுங்கள்’ என்று வாசலோரம் இறக்குவார்கள். அந்த ‘இப்போதைக்கு’ அடுத்த வீடு மாறும்வரை நீடிக்கும். அடுக்குமாடி வீடென்றால் கல் கீழ்த்தளத்து மாடிப்படிக்கு அடியில் நிற்கும். குடும்பம் மட்டும் பதினான்காம் மாடிக்குப் போகும்.

விதியின் எல்லைக்கோட்டில் நிற்பது குழவி. ஒன்பது கிலோ; ஒருவர் கையிலேயே வரும். எறியவும் முடியும், எடுத்துச்செல்லவும் முடியும், மறக்கவும் முடியும். மலேசியத் தாமான்களின் வாசலில் குழவியில்லாத ஆட்டுக்கற்கள் பூச்செடி தாங்கி நிற்பதன் காரணம் இதுதான். குழவியைக் குழிக்குள் வைத்துச் சாக்கால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினால் அதுவும் 67 கிலோவின் காப்புக்குள் வந்துவிடும். பிறப்புப் பத்திரத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தக் குழிக்குள்ளேயே வைத்துவிடலாம்.