மிளகாய் பஜ்ஜியும் மனக்குரங்கும்

மன அமைதி தேடி ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றித்தான் போகிறார்கள். நான் அதன் பக்கத்திலேயே குடியிருப்பதால், அவர்கள் அமைதியைத் தேடிக்கொண்டு அடிக்கும் ஹாரன் முழுவதும் என் காதில்தான் விழுகிறது. மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு நானும் அமைதியைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

இப்போது வருகிறவர்களில் பலருக்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' வேண்டியிருக்கிறது. செய்கிற காரியத்திலேயே மனத்தை நிறுத்தும் பயிற்சி. புத்தர் காலத்துச் சரக்குதான். 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை வகுப்பாக்கி, நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்பில் ரொம்பப் பிரபலமான பாடம், ஓர் உலர்திராட்சையைத் தின்பது. கையில் வாங்கி, உருட்டிப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெல்லக் கடிக்க வேண்டும்.

என் மனைவி இதை யூடியூபில் பார்த்துவிட்டு, பாயசத்துக்கு வைத்திருந்த திராட்சையில் ஒன்றை நீட்டினாள்.

"என்னங்க, அஞ்சு நிமிஷம் இதை மட்டும் நினைங்க."

நினைத்தேன். இது கிலோ என்ன விலை என்று நினைத்தேன். மளிகைக் கடை பாக்கி ஞாபகம் வந்தது. கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்றாரே, மொய் எவ்வளவு வைப்பது என்று யோசித்தேன்.

"முழுங்கிட்டீங்களா?"

"அப்பவே!"

உலர்திராட்சை பரம சாது. நாம் அதைக் கவனிக்காவிட்டால் அது கோபித்துக்கொள்ளாது. ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜி அப்படியில்லை. ஜல்லிக்கரண்டியில் எண்ணெய் வடிந்து, காகிதத்தில் வந்து விழும்போதே விரல் சுடும். "பார்த்துக் கடிங்க சார், உள்ளே ஆவி இருக்கும்" என்பார் கடைக்கார அக்கா. கடலைமாவு மொறுமொறுவென்று உடையும். அடுத்து ஆவி. அதற்கும் அடுத்து விதை. அந்த நேரத்தில் வீட்டுக் கடன் தவணையை நினைத்த மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை.

இவ்வளவுக்கும் மேலே கண்காணிப்பாளர் ஒருவர் மரத்தில் உட்கார்ந்திருப்பார். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபிக்குச் சிரித்தால் போச்சு. சிரிப்பு படத்தில் இருக்கும், பஜ்ஜி கிளையில் இருக்கும். மனம் ஒரு குரங்கு என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். அந்த மனத்தை அடக்கவும் குரங்குதான் வர வேண்டும் என்பது ஏற்காட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

இந்த மனக்குரங்கு எவ்வளவு அலைகிறது என்று கணக்கே எடுத்திருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர், 2,250 பேரிடம் செல்போன் வழியாக அவ்வப்போது "இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள், சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டு 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். கேட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலையும்போது சந்தோஷமும் குறைவு. இனிமையான விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, வேலையிலேயே மனம் வைத்தவர்களைவிடக் கூடுதல் சந்தோஷமாக இல்லை. பகல் கனவிலும் லாபம் இல்லை என்று ஆகிவிட்டது.

சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பஸ்ஸில் பாதிப் பேர் வீடியோ எடுப்பார்கள், மீதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருப்பார்கள். வளைவைப் பார்க்கிற ஒரே ஆள் டிரைவர். "இந்த இருபது வளைவிலும் என்னண்ணே நினைப்பீங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"பதினொண்ணாவது வளைவுல பதினொண்ணைத்தான் நினைப்பேன் சார். அங்கேயே பன்னெண்டை நினைச்சா, பதினொண்ணுலயே நேரா கீழே இறங்கிடலாம்."

எத்தனை புத்தகம் படித்தாலும் இதற்கு மேல் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

காபித் தோட்டத்திலும் இதே கதைதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி. ஒரே கொத்தில் பச்சைக் காயும் சிவந்த பழமும் கலந்திருக்கும். பறிக்கிற அக்காக்களின் விரல் பச்சையைத் தொட்டு விலகி, சிவப்பை மட்டும் கிள்ளி எடுக்கும். வாய் மட்டும் சும்மா இருக்காது. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பது மூன்று வரிசை தாண்டிக் கேட்கும். கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, ஊதுபத்தி கொளுத்தினால்தான் கவனம் வரும் என்பதெல்லாம் சும்மா. இப்படிப் பறிப்பதற்குப் பெயர் தியானம் என்று அந்த அக்காக்களிடம் சொன்னால், "அதுக்குத் தனியா கூலி உண்டா?" என்பார்கள். நியாயமான கேள்வி. கவனிக்கச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு நாம் கொடுப்பதில் கால்வாசிகூட, கவனித்து வேலை செய்கிறவருக்குக் கொடுப்பதில்லை.

ஆகவே, வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் நாளைக்கு ஒரே ஒரு வேலையை, பல் தேய்ப்பதோ சாதம் பிசைவதோ, அடுத்த வேலையை நினைக்காமல் செய்து பாருங்கள். செலவில்லை. பரீட்சையை ஏற்காட்டில் வைத்துக்கொள்வதானால் செல்போனைப் பையில் போட்டுவிட்டு, பஜ்ஜியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.