வசையை அழிக்கலாமா?

கேள்வி: ஆண், பெண் குறித்த சொற்களின் பொருளை அகராதிகள் மாற்றிக்கொண்டே போவது சரியா?

பதில்: ஊர் பேச்சை மாற்றினால் அகராதியும் மாறத்தான் வேண்டும்.

ஆக்ஸ்போர்டின் இணைய அகராதியில் ‘பெண்’ணுக்கு இணைச்சொற்களாக வசைகளும் வரிசைகட்டி நின்றன. அதை எதிர்த்து 2019-இல் இங்கிலாந்தில் கிளம்பிய மனுவில் 30,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். 2020 நவம்பரில் திருத்தம் வந்தது. ‘பெண்’ணுக்குத் தந்த பொருளில் ‘ஓர் ஆணின்’ மனைவி அல்லது காதலி என்றிருந்தது ‘ஒருவரின்’ என்றானது. வசைகளுக்கு ‘இழிவானது’ என்ற குறிப்பு ஏறியது. அதுதான் நேர்மை! வசையைத் துடைத்தெறிந்தால், அதைச் சொல்லித் திரிந்தவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

அவசரம் என்று குறைபடவும் இடமில்லை. இருபாலுக்கும் பொதுவான ‘ஹென்’ என்ற பிரதிப்பெயர் ஸ்வீடனில் 1960-களிலேயே முன்மொழியப்பட்டது. ஸ்வீடிஷ் அகாதமி தன் சொற்பட்டியலில் அதைச் சேர்த்தது 2015-இல்தான், மக்கள் வாயில் அது நன்றாகப் புழங்கிய பிறகு.