பாடி கட்டும் ஊர்

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் 'பாடி கட்டுவது' என்றால் லாரிக்கு. வெறும் சேஸிஸாக வரும் வண்டி, பட்டறையில் கேட்ட அளவுக்குக் கூண்டு கட்டி, பெயின்ட் அடித்து, 'தாய் தந்தை துணை' எழுதிக்கொண்டு வெளியே போகும். அந்தப் பழக்கமோ என்னவோ, ஜிம்முக்குப் போகிற அக்காமாரும் அதே தோரணையில் ஆர்டர் கொடுக்கிறார்கள்: "வயிறு மட்டும் குறையோணுங்க, இடுப்பு வளைவுல கை வெச்சரக் கூடாதுங்க."

கொழுப்புக்கு இந்த அளவுக்கணக்கெல்லாம் புரியாது. எங்கே முதலில் கரைவது என்பதை மரபணுவும் ஹார்மோனும் பேசி முடித்துவிடுகின்றன. ஆயிரம் தடவை குனிந்து நிமிர்ந்தாலும் வயிற்றுக்கென்று தனிச் சலுகை கிடையாது. ஒரே உடம்பில் இந்தப் பக்கம் ஒரு வடிவு, அந்தப் பக்கம் ஒரு வடிவு என்று நிற்க முடிந்தவர் செங்கோட்டு மலைமேல் இருக்கும் அர்த்தநாரீஸ்வரர் ஒருவர்தான்.

மனுசர் செய்யக்கூடியது ஒன்றுதான்: சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து, எடை தூக்கித் தசையைக் காப்பாற்றுவது. வளைவு தசையிலும் உண்டு. தசைக்குப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்? நாமோ முட்டையை லாரியேற்றி ஊர் ஊராக அனுப்பிவிட்டு, முழுக்க மாவுச்சத்தான சேலத்து ஜவ்வரிசியில் பாயசம் காய்ச்சுகிறோம். சாயங்காலமானால் தட்டுவடை செட்டு இரண்டு பிளேட்.

கேட்ட வளைவு கிடைத்துவிடுகிறது. கேட்ட இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.