மாப்பிள்ளை பொட்டி கட்டிட்டாரு

வெசனப்படாதே சாமி. பிரவுன்ஸ் ஃபுட்பால் டீம் ஊரை உட்டுப் போகுதுன்னு போன்ல அப்பிடி மூக்கைச் சிந்துறியே, சீமை தாண்டியா போகுது? கிளீவ்லாந்து ஏரிக்கரையில இருந்து புரூக் பார்க்குக்கு. ஏரோப்ளேன் வந்து எறங்குற எடத்துக்குப் பக்கத்துல. உங்கம்மா என்னைக் கூட்டியாந்து எறக்குனதே அங்கதான். வாயில போட்ட வெத்தலை செவக்கறதுக்குள்ள உங்க ஊடு வந்துருச்சு.

இருந்தாலும் அப்புச்சி சொல்றதைச் சித்தக் கேட்டுக்கோ. நீ இஞ்சினீயரு, கணக்குப் படிச்சவன். நான் பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்தவன். எனக்கு மாப்பிள்ளைங்களைத் தெரியும்.

ஆடி நோம்பிக்கு வந்த புது மாப்பிள்ளைய நீ பார்த்ததில்லை. மோதரம் போட்டாச்சு, வேட்டி துண்டு எடுத்தாச்சு, கோழி அடிச்சாச்சு. ஆனா சோத்துல கை வெக்க மாட்டான். திண்ணையில உக்காந்து பொட்டிய மடியில வெச்சுக்கிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ம்பான். எந்திரிக்கவும் மாட்டான். அவனுக்கு வேண்டியது பஸ்ஸு இல்லை, புல்லட்டு. அது மாமனாருக்கும் தெரியும். தெரிஞ்சும், அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்களோன்னு பயந்து தென்னந்தோப்ப அடமானம் வெப்பாரு. அமெரிக்காவுல டீம் வெச்சிருக்கிற மொதலாளிங்க முக்காவாசிப் பேரு திண்ணையில பொட்டியோட உக்காந்திருக்கறவங்கதான். என்ன, நம்மூரு மாப்பிள்ளை கேக்கறதுக்குக் கொஞ்சம் வெக்கப்படுவான்.

உங்க ஊருக்கு இது மொத மாப்பிள்ளையும் இல்லை. ஆர்ட் மோடெல்னு ஒருத்தரு இருந்தாரே. 1961-ல பிரவுன்ஸ் டீமை 40 லட்சம் டாலருக்குப் பக்கமா வாங்கினவரு. ஊருக்குச் சொந்தமான பழைய ஸ்டேடியத்தை 1973-ல குத்தகைக்கு எடுத்தாரு. வாடகை எவ்வளவுங்கறே? வருசத்துக்கு ஒரு டாலரு. பராமரிப்பு அவரு செலவுன்னு பேச்சு. அதே மைதானத்துல ஆடுன பேஸ்பால் டீம்கிட்ட அவரு வாடகை வாங்கிக்கிட்டாரு. குத்தகைக்கு எடுத்தவன் உள்குத்தகை உட்டான், நல்லாத்தான் இருந்தது. 1994-ல பேஸ்பால்காரங்களுக்கு ஊரு தனியாப் புது மைதானம் கட்டிக் குடுத்துச்சு. அவங்க போயிட்டாங்க, வாடகையும் போச்சு. அன்னிக்குத்தான் மோடெலுக்குப் பழைய ஸ்டேடியம் எம்புட்டுப் பழசுன்னு கண்ணுல பட்டுது.

1995 நவம்பர் 6. பால்டிமோர்ல ஒரு ஸ்டேடியத்துக்கு வெளிய, கார் நிறுத்துற எடத்துல மேடை போட்டு, "டீம் இங்க வருது"ன்னு அறிவிச்சாரு. மறுநாள் கிளீவ்லாந்துல ஓட்டு. எதுக்கு ஓட்டு? சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் போட்டிருந்த வரிய நீட்டிச்சு, அந்தப் பணத்துல அவருக்காகவே ஸ்டேடியத்தைச் செப்பனிட! சனங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா? நூத்துக்கு எழுபது பேருக்கு மேல "சரி"ன்னு குத்திப்போட்டாங்க. பஸ்ஸு ஏறிப் போன மாப்பிள்ளைக்கு மறுநாள் மொய் எழுதுன ஒரே ஊரு உங்க ஊருதான் கண்ணு. எனக்கு அந்த ஊரு பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசி ஆட்டம் டிசம்பர் 17, சின்சினாட்டியோட. 26-10-ன்னு கிளீவ்லாந்து ஜெயிச்சுது. ஜெயிச்சு என்ன? ரம்பம், சுத்தியல்னு ஊட்டுல இருந்தே எடுத்தாந்தவங்க உண்டு. ஆட்டம் நடக்கையிலேயே பலகை பெஞ்சுகளை அறுத்து மைதானத்துக்குள்ள வீசுனாங்க. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் ரம்பச் சத்தம். முடிஞ்சதும் ஆட்டக்காரங்க சில பேரு, நாய் வேசம் போட்டுட்டு உக்காருவாங்களே ரசிகருங்க, அந்தக் கூட்டத்துக்கிட்டப் போயிக் கட்டிப் புடிச்சுட்டு வந்தாங்க. பொறவு அந்த ஸ்டேடியத்தையே இடிச்சு, கான்கிரீட்டை ஏரிக்குள்ள கொட்டி மீனுங்களுக்குத் திட்டுக் கட்டி உட்டாங்க. இத்தனை வருசத்துல ஒரு ஸ்டேடியத்தால ஊருக்கே லாபம்னு சொன்னவங்க நெறையப் பேரு. லாபத்தைக் கண்ணால பார்த்தது ஈரி ஏரி மீனுங்கதான். அதுங்க இன்னிக்கு வரைக்கும் வரிச்சலுகை கேக்கலை.

சரி, பால்டிமோர்க்காரன் பொல்லாதவன்னு திட்டுறியா? இரு. 1984 மார்ச்சுல, ராத்திரியோட ராத்திரியா, பனியில, அவங்களோட கோல்ட்ஸ் டீமை லாரிகள்ல ஏத்தி இண்டியானபோலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க. மொதலாளி பேரு ராபர்ட் இர்சே. டீமைக் கையகப்படுத்த அரசாங்கம் சட்டம் கொண்டு வருதுன்னு காதுல விழுந்ததும் சாமான் செட்டையெல்லாம் அள்ளிப்போட்டுக் கிளம்பிட்டாரு. அந்த டீமுக்குன்னு பேண்டு வாத்தியக் குழு ஒண்ணு இருந்துச்சு. அவங்க உடுப்பு அன்னிக்கு சலவைக்குப் போயிருந்ததாலே லாரிக்குத் தப்பிச்சுது. அந்த டீமு இல்லாமலே, அந்தக் குழு பன்னெண்டு வருசம் வாசிச்சுக்கிட்டே இருந்துச்சு, கேட்டியா! பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் இல்லாத கல்யாணத்துல நாதஸ்வரம்.

அப்பிடி அழுத ஊருதான், பதினோரு வருசம் கழிச்சு, வாடகையில்லாத புது மைதானம் தர்றோம்னு உங்க மாப்பிள்ளையக் கூப்பிட்டுக்கிச்சு. பறிகுடுத்தவன் பறிக்கக் கத்துக்கிட்டான். அவன் மேல தப்புச் சொல்ல எனக்கு வாய் வரலை. 1999-ல உங்க ஊருக்கும் புது டீமு, அதே ஏரிக்கரையில புது ஸ்டேடியம், எல்லாம் கெடைச்சுதே. பேரு, கலரு, பழைய ரெக்கார்டு அத்தனையும் கிளீவ்லாந்துக்குத்தான்னு வழக்குப் போட்டு வாங்கி வெச்சிருந்தாங்க. ஆட்டம் மட்டும் பால்டிமோருக்குப் போயிருச்சு. அங்க ரேவன்ஸ்னு பேரு மாத்திக்கிட்ட அந்த டீமு 2001 ஜனவரியில சூப்பர் பவுல் கோப்பைய வாங்கிப்போட்டுச்சு. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு உங்களை யாரு வாழ்த்தினாங்களோ, 2017-ல பதினாறு ஆட்டத்துலயும் தோல்வியாவே வந்துச்சு. அதுக்கும் அசரலையே உங்காளுங்க. ஜனவரிக் குளிர்ல ஆயிரக்கணக்குல சேர்ந்து, ஸ்டேடியத்தைச் சுத்தி வட்டமா ஊர்வலம் போனாங்க. வட்டம் எதுக்கு? சைபருக்கு! தோத்ததுக்கு ஊர்கோலம் போற சனம் மாமனாராக் கெடைச்சா எந்த மாப்பிள்ளைதான் முறுக்க மாட்டான்?

இப்ப சட்டத்துக்கு வருவோம். மோடெல் போனதும் ஒஹாயோ அரசாங்கம் 1996-ல ஒரு சட்டம் போட்டுச்சு. சனங்க வரிப்பணம் தின்ன மைதானத்துல ஆடுற டீமு, ஊரு சம்மதிச்சாத்தான் வேற எடம் போகலாம். இல்லாட்டி ஆறு மாசம் முந்திச் சொல்லணும், உள்ளூர்க்காரங்க வாங்கிக்கறதுக்கு வாய்ப்பு குடுக்கணும். நல்ல சட்டம். இருபது வருசத்துக்கு மேல பொட்டிக்குள்ள பத்திரமா இருந்துச்சு. 2017-ல கொலம்பஸ் கால்பந்து டீம் மொதலாளி டெக்சாசுல ஆஸ்டினுக்குப் போறேன்னு பஸ்ஸுக்கு நேரம் பார்த்தாரு. மைக் டிவைன்னு அப்ப அரசாங்கத்தோட தலைமை வக்கீலு. இந்தச் சட்டத்தை எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போனாரு. ரசிகருங்க ஊரையே கூட்டுனாங்க. கடைசியில டீமை உள்ளூரு டாக்டர் குடும்பமும் ஹாஸ்லம் குடும்பமும் வாங்கிக் காப்பாத்துனாங்க.

ஹாஸ்லம் ஆருன்னு உனக்குத் தெரியாதா? உன் பிரவுன்ஸ் மொதலாளியேதான். 2012-ல 100 கோடி டாலருக்குப் பக்கமா வாங்கினாரே, அவரு. கொலம்பஸ்ல அந்தச் சட்டத்தாலே டீமைக் காப்பாத்தின அதே குடும்பம், 2024 அக்டோபர்ல அதே சட்டம் செல்லாதுன்னு வழக்குப் போட்டுச்சு. 2025-ல பட்ஜெட்டுக்குள்ள ஒரு வரியச் செருகி, ஒஹாயோவை உட்டே போறவனுக்குத்தான் சட்டம், உள்ளுக்குள்ள எடம் மாறுறவனுக்கு இல்லைன்னு திருத்திப்போட்டாங்க. அதுல கையெழுத்துப் போட்ட கவர்னரு? மைக் டிவைன்! ஏன் சிரிக்கிறே? பெரிய மனுசன் ஒருத்தன் வளர்றான்னா அவன் கருத்தும் வளரத்தான் செய்யும்.

பட்ஜெட்டுல அதைவிட ருசியான சமாச்சாரம் ஒண்ணு. புரூக் பார்க்குல கூரை போட்ட ஸ்டேடியத்துக்கு 240 கோடி டாலராமா. பாதிக்கு மேல மொதலாளி தரப்புப் பணம், செலவு எகிறினா அதுவும் எங்களதுங்கறாங்க. டிசம்பர்ல அந்த ஏரிக்காத்துக்கு நானும் ஒரு தரம் காதைக் குடுத்தவன், கூரை வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அரசாங்கம் குடுக்கற 60 கோடி டாலரு எங்கிருந்து? கவர்னரு சூதாட்டக் கம்பெனிங்க வரிய ஏத்திக் குடுக்கலாம்னாரு. சட்டசபைக்காரங்களுக்குச் சூதாட்டக் கம்பெனி மேல எரக்கம். அதனாலே யாரும் கேக்காம கெடக்கற பணத்துல கை வெச்சாங்க. செத்துப் போனவங்க பேங்குக் கணக்கு, மாத்தாத செக்கு, வாங்க மறந்த டெபாசிட்டு, இதெல்லாம் உடையவங்க வந்து கேக்கற வரைக்கும் அரசாங்கம் வெச்சுக் காப்பாத்துற பணம். காப்பாத்திக் காப்பாத்தி அலுத்துப் போச்சாட்ட இருக்குது. அதையும் எதிர்த்து வழக்குப் போட்டிருக்காங்க. மறந்தவன் பணத்துல ஆட்டம் பாக்கறது ஒரு யோகம்.

உங்க மேயரு ஜஸ்டின் பிப் மேல எனக்கு மரியாதை உண்டு. ஏரிக்கரை ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க 46 கோடி டாலருக்கு மேல தர்றேன்னு 2024-ல சொல்லிப் பார்த்தாரு. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கலை. மேயரு கோர்ட்டுக்குப் போனாரு. 2025 அக்டோபர்ல ராசியானாங்க. டீமு ஊருக்கு 10 கோடி டாலர் மதிப்புக்குக் குடுக்கணும், பழைய ஸ்டேடியத்தை இடிக்கற செலவும் அதுக்குள்ள அடக்கம். போறவன்கிட்ட பஸ் சார்ஜ் வசூல் பண்ணுன மாமனாரு! செயிண்ட் லூயிஸ் இன்னும் கெட்டி. 2016-ல ராம்ஸ் டீமு லாஸ் ஏஞ்சலசுக்குப் போன பொறவும் ஸ்டேடியக் கடனைக் கட்டிக்கிட்டிருந்த ஊரு அது. அழுகைய நிறுத்திட்டு வக்கீலை வெச்சாங்க. 2021-ல 79 கோடி டாலரு வாங்கினாங்க. இந்த விசயத்துல கண்ணீரைவிட வக்கீல் பீஸ் மலிவு.

லாஸ் ஏஞ்சலஸைப் பத்தி ஒண்ணு சொல்லோணும். 1995-லிருந்து இருபது வருசம் அத்தாம்பெரிய ஊருல என்.எஃப்.எல்.ங்கற இந்த ஃபுட்பால் லீக்குக்கு டீமே இல்லை. காலியா இருந்ததுதான் மொதலாளிங்களுக்கு உபயோகம். எந்த ஊரு மேயரு சுணங்கினாலும் "அங்க போயிருவோம்"னு சொல்ல ஒரு எடம் வேணும்ல? உங்க ஊருலயே 1978-லிருந்து தியாகராஜ ஆராதனை நடக்குது. சபா கட்டிக் குடுத்தாத்தான் வருவோம்னு எந்தப் பாடகரும் பொட்டிய மடியில வெச்சுக்கிட்டதாக் கேள்வியில்லை. பாவம், வெவரம் பத்தாத சனம்.

நீ கேட்டியே, இதுக்கெல்லாம் வழியே இல்லையான்னு. இருக்குது. விஸ்கான்சின்ல கிரீன் பேன்னு லட்சம் பேருக்குச் சித்த மேல இருக்கற ஊரு. அங்க பேக்கர்ஸ் டீமு 1923-லிருந்து சனங்களுக்குச் சொந்தம். அஞ்சு லட்சம் பேருக்கு மேல பங்கு வெச்சிருக்காங்க. லாபப் பங்கு ஒரு காசு வராது, பங்கை வித்துச் சம்பாரிக்கவும் முடியாது. அதனாலேயே டீமை எவனும் தூக்கிக்கிட்டுப் போகவும் முடியாது. இதைப் பார்த்துட்டு மத்த ஊர்க்காரங்களும் கேட்டா என்ன பண்றதுன்னு என்.எஃப்.எல். மொதலாளிங்க யோசிச்சு, இனிமேல் யாரும் இப்பிடி வெச்சுக்கக் கூடாதுன்னு விதி எழுதிப்போட்டாங்க. நல்ல மாப்பிள்ளை ஒருத்தன் இருந்தா மத்தவங்களுக்கு எத்தனை சங்கடம் பாரு.

ஸ்டேடியம் வந்தா ஊரு செழிக்கும்னு உன் ஆபீசுல எவனாச்சும் சொன்னா வாதாடாதே. பொருளாதாரம் படிச்சவங்க முக்காவாசிப் பேரு பல வருசமா இல்லைன்னுதான் எழுதுறாங்க. ஞாயித்துக்கிழமை பீருக்கும் பன்றிக்கறிக்கும் செலவு பண்றவன், ஆட்டம் இல்லாட்டி அதே பணத்தை வேற கடையில உடுவான், அவ்வளவுதான் வித்தியாசம். வருசத்துல பத்து நாள் ஆட்டத்துக்கு 240 கோடியான்னு கேக்காதே, மீதி நாளுக்குக் கச்சேரி வெப்போம்பாங்க. சிரிச்சுக்கிட்டே தலையாட்டு.

ஆரஞ்சுச் சட்டைய எரிக்காதே. ஆடுற பசங்க மேல என்ன தப்பு? குத்தகை 2028 சீசன் வரைக்கும் இருக்குது, ஏரிக்கரையிலேயே போயிப் பாரு, பாட்டி பின்னிக் குடுத்த மப்ளரைச் சுத்திக்கோ. ஓட்டுப் போட வந்தா மட்டும், டீவியில ஆட்டம் ஓடையில போடாதே. அணைச்சுட்டுப் போடு.

இன்னொரு சோலி. நீ படிக்கையில ரூமைக் காலி பண்ணிட்டு வந்தப்ப அட்வான்ஸ் டெபாசிட்டைத் திருப்பி வாங்கினியா இல்லையான்னு உங்கம்மாகிட்டக் கேட்டேன், அவளுக்கு நெனப்பில்லை. ஒஹாயோவுல கேக்காத பணத்துக்குன்னு அரசாங்க ஆபீசு ஒண்ணு இருக்குது, கம்ப்யூட்டர்லயே பேரு போட்டுப் பார்க்கலாமா. உன் பேரைப் போடு, உங்கப்பன் பேரைப் போடு, பழைய விலாசத்தையும் போடு. இருந்தா எழுதிக் கேட்டு வாங்கு. இன்னிக்கே பாரு.