சவத்த விட்டுத் தள்ளுல, எய்யா!

ஏ பேராண்டி, இங்கன உக்காரு. கட்டிங் சாயா சொல்லியிருக்கேன். இன்ஜினியர் படிப்ப ஏறக்கட்டிட்டு சினிமா டைரக்டர் ஆகப்போறியாம்லா? அதுவும் சிரிக்கவச்சே கழுத்தறுக்கிற படமாம். ஒங்கம்ம நேத்து ராத்திரியிலேருந்து மூக்கச் சிந்திக்கிட்டுக் கெடக்கா. ஒனக்குப் புத்தி சொல்லணும்னு ஒரே புடுங்கல். சொல்லுதேன். கேக்கதும் விடுததும் ஒம்பாடு.

சுவீடன்ல ரூபன் ஆஸ்ட்லுண்டுன்னு ஒருத்தர் இருக்காருன்னு சொன்னியே. பனிச்சறுக்குறவனுவள படம் புடிச்சுத் தொழிலத் தொடங்கினவரு. பனி சரிஞ்சு வருதுன்னதும் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு செல்போனத் தூக்கிட்டு ஓடுத தகப்பன் கதைய 2014ல எடுத்தாரு. கான் விழாவுல 2017ல ஒண்ணு, 2022ல ஒண்ணுன்னு ரெண்டு தங்கப்பனை குடுத்தாவளாம். ஒம்பூட்டன் உடன்குடிப் பக்கம் ஆயுசு பூரா பனை ஏறினவன். அவனுக்கு மிஞ்சினது நெஞ்சுக் காய்ப்பும் ஒரு கலயம் பதனியும்தான். சரி, நீ பொறந்தது மும்பை வடாலாவுல. இந்த ஊர்ல சிரிக்கவச்சே கழுத்தறுத்தவரு கதைய மொதல்ல கேளு.

குந்தன் ஷா. புனே பிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிச்சவரு. 1983ல 'ஜானே பி தோ யாரோ' எடுத்தாரு. என்.எஃப்.டி.சி. குடுத்த சர்க்கார் துட்டு, ஏழு லச்சத்துக்குள்ள படமே முடிஞ்சிட்டு. இன்னைக்கு அந்தத் துட்டுக்கு இங்கன கார் நிறுத்த எடம் கெடைக்குமா? நஸீருதீன் ஷா தன் சொந்தக் கேமராவையே கழுத்துல மாட்டிக்கிட்டு நடிச்சாரு. அதையும் எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான்.

கதையில ரெண்டு போட்டோக்காரப் பயலுவ. பார்க்குல எடுத்த படத்தப் பெருசாக்கிப் பாத்தா, அதுல ஒரு கொலை. இது இத்தாலிக்காரரு அன்டோனியோனி 1966ல 'ப்ளோ அப்'ல காட்டின சங்கதிதான். இவரு ஒளிக்கல, பார்க்குக்கே அன்டோனியோனி பேர வச்சிட்டாரு. களவாண்டா அப்படிக் களவாங்கணும்!

செத்தவரு முனிசிபல் கமிஷனர். கொன்னவன் பில்டர். செத்தவரு பேர்லயே ஒரு பாலம், பாலத்துக்கு அடியில அவரு பொணம். அந்தப் பொணமா வந்த சதீஷ் ஷா, உசுரோட நடிச்சவனுவளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டாரு. சவப்பொட்டியோட ரோட்டுல உருண்டு போறாரு. குடிச்சிட்டு வந்த இன்னொரு பில்டர், பொட்டியக் காருன்னு நெனச்சு ரிப்பேர் பாக்கான். கடைசியில அதே பொணம் நாடக மேடையில சேல கட்டித் திரௌபதியா நிக்கி! பாலம் இடிஞ்சதும் பில்டரு, அதிகாரி, பத்திரிகைக்காரி எல்லாம் ஒரே பந்தியில உக்காந்துட்டாவ. பழி மட்டும் போட்டோக்காரப் பயலுவ தலையில.

மொதப் படத்துக்கான தேசிய விருது குடுத்தாவ. பொறவு அவர டிவிக்கு அனுப்பிட்டாவ. 1986ல 'நுக்கட்', 1988ல கார்ட்டூன் போடுத ஆர்.கே. லக்ஷ்மண் உண்டாக்கின வாக்லேயோட கதை. 1994ல ஷாருக் கானக் காதல்ல தோக்கவச்சு ஒரு நல்ல படம். அதுக்கப்புறம் எடுத்ததுல ஓடினதும் உண்டு, ஓடாததும் உண்டு. ஆனா அந்தப் பொணத்துக்கு இருந்த உசுரு வேற எதுக்கும் வரல. 2015ல புனே மாணவப் புள்ளைய போராடினப்ப, அவியளுக்காக அந்த விருதையே திருப்பிக் குடுத்தாரு. 2017 அக்டோபர்ல கண்ண மூடிட்டாரு.

ஏன் அதே மாதிரி இன்னொண்ணு எடுக்க முடியலன்னு கேக்கியா? போட்டி ஜாஸ்தில. 2018ல அந்தேரி கோகலே பாலத்துல ஒரு பக்கம் விழுந்துது. புதுசாக் கட்டி 2024 பிப்ரவரியில ஒரு பக்கத்த மட்டும் தொறந்தாவ. பாத்தா, பக்கத்துல இருக்கிற பர்ஃபிவாலா பாலத்தோட சேரல. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, நடுவுல ஆள் ஒசரம்! பொறவு பழைய பாலத்தத் தூக்கி ஒட்டவச்சாவ. நம்ம வாசல்ல விட்ட மோனோரயிலயே பாரு. 2014ல செம்பூருக்கு விட்டாவ, 2017ல பொட்டி தீப்புடிச்சு மாசக்கணக்குல நின்னுது. எந்தக் கதாசிரியனுக்குல இப்படி எழுதத் தோணும்?

அதனால நான் சொல்லுதது ஒண்ணுதான். நீ கான்ட்ராக்டர் ஆயிரு. நகைச்சுவைக்கு நகைச்சுவை, துட்டுக்குத் துட்டு. சென்சாரும் கெடையாது, விமர்சனமும் கெடையாது. படம் விழுந்தா டைரக்டர் தெருவுக்கு வருவான். பாலம் விழுந்தா கான்ட்ராக்டருக்கு அடுத்த டெண்டர் வரும்.

என்னல மொறைக்க? கேமராதான் வேணுமா? எடுத்துத் தொலை. ஒங்கம்மட்ட, தாத்தா வாயில வந்தபடி வஞ்சிட்டாருன்னு சொல்லு. கதைய எழுதினதும் மொதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டு, நான் சிரிச்சிட்டு ராத்திரி தூங்கிட்டேன்னா கிழிச்சுப் போடு. அப்புறம் ஒண்ணு: வேற எங்கன வேணும்னாலும் உக்காந்து எழுது, பாலத்துக்கு அடியில மட்டும் உக்காராத.