முக்காட்டுக் கவிராயர்

தமிழ்நாட்டில் ஒருவன் ஏதேனும் ஒரு காரியத்தைச் சுமாராகச் செய்துவிட்டானானால், அதன் பிறகு அவன் வேறெந்தக் காரியத்திலும் கை வைக்காதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊரார் தாமாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டு விடுகிறார்கள். எழுத்து விஷயத்தில் இந்தக் கண்காணிப்பு இன்னும் கடுமையானது. வாலிபப் பிராயத்தில், மாலை வேளைகளில் வேறு ஜோலி இல்லாத குறைக்காகச் சில சிறுகதைகளை நான் எழுத, அவற்றைப் பக்கம் நிரம்பாத குறைக்காகச் சில பத்திரிகாசிரியர்கள் அச்சிட, அன்று முதல் 'சிறுகதையாசிரியர்' என்னும் பட்டம் என் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கலியாணப் பந்தலில் யாராவது என்னை அப்படி அறிமுகம் செய்து வைத்தால், எதிரே இருப்பவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "சிறுகதை மட்டுந்தானா?" என்று மிகுந்த அனுதாபத்துடன் விசாரிக்கிறார். போகட்டும், வேறு ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்று நான் வாயைத் திறந்தாலோ, அதே மனிதர், "உங்களுக்கு எதற்கு ஐயா அந்த வம்பு? கதைதான் நன்றாக வருகிறதே!" என்று பதறிப்போகிறார்.

நம் பெரியவர்களை இப்படி யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபு உத்தியோகம் பார்த்தவர், நீதிநூல் இயற்றினார், சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் பாடினார், இவ்வளவும் போதாதென்று ஐம்பது வயதைக் கடந்த பிறகு, 1879-ஆம் வருஷத்தில், 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்று தமிழின் முதல் நாவலை அச்சேற்றினார். முன்சீபுக்கு நாவல் எதற்கு என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. நாவல் என்றால் இன்னதென்றே தெரியாத தேசத்தில் யார்தான் கேட்பது? திருவனந்தபுரத்தில் தத்துவ சாஸ்திரம் போதித்துக்கொண்டிருந்த சுந்தரம் பிள்ளை, பிள்ளைகளைத் தத்துவத்தால் துன்புறுத்தியது போக மிஞ்சிய நேரத்தில், 1891-இல் 'மனோன்மணீயம்' என்ற செய்யுள் நாடகத்தை வெளியிட்டார். ஏடு தேடி ஊரூராக அலைந்து, செல்லரித்த ஓலைகளிலிருந்து சங்க நூல்களையும் காப்பியங்களையும் மீட்டுப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரோ, எண்பத்தைந்தை எட்டிப் பிடிக்கும் வயதில், 1940 ஜனவரியில், ஆனந்த விகடனில் வாரந்தோறும் சுயசரிதம் எழுதத் தொடங்கினார். பதிப்பாசிரியர் பதிப்போடு நிற்கலாகாதா என்று அப்போது யாரேனும் அவர் கையைப் பிடித்திருந்தால், 'என் சரித்திரம்' நமக்கு இல்லை.

ஆனால், இந்த வரலாற்றை ஆராயப் புகுந்தபோது விசித்திரமான ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. வசனத்தில் கொடிகட்டிப் பறந்த நம் எழுத்தாளர்கள் கவிதை எழுத நேரும்போது பெரும்பாலும் பெயரை மாற்றிக்கொண்டு விடுகிறார்கள். பெற்றோர் வைத்த விருத்தாசலம் என்ற பெயரைக் கதைக்காகப் புதுமைப்பித்தன் என்று மாற்றிக்கொண்டவர், கவிதை வந்து கதவைத் தட்டியதும், வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளையாக அவதாரம் எடுத்தார். அவருடைய வரலாற்றை எழுதிய ரகுநாதன் திருச்சிற்றம்பலக் கவிராயர் ஆனார். ந. பிச்சமூர்த்தி பிக்ஷு, க. நா. சுப்ரமண்யம் மயன், சுந்தர ராமசாமி பசுவய்யா. எதிர்த்திசையில் இந்தப் போக்குவரத்து இப்படி நடப்பதாகத் தெரியவில்லை. கவிஞர் கண்ணதாசன் 'சேரமான் காதலி' நாவலை எழுதியபோது கண்ணதாசனாகவே எழுதினார். (பாரதி எதை எழுதினாலும் பல பெயர்களில் எழுதியவர், அவர் கணக்கே வேறு. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமரிசனம் எழுதியதும் இந்த வகையில் சேராது. பாடகர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவன் தன் தேகத்தைப் பாதுகாத்துக்கொள்வது தர்ம சாஸ்திரத்துக்கு விரோதமல்ல.)

கண்ணியமான குடும்பஸ்தர் ஒருவர் கள்ளுக்கடைக்குப் போகையில் தலையில் துண்டைப் போட்டு முக்காடிட்டுக்கொள்வதைப் போலத்தான் இந்தப் புனைபெயர்கள் என்று முதலில் நினைத்தேன். கடைக்குள் இருப்பவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். தெருவில் போகிறவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஆயினும் துண்டு இல்லாமல் அவரால் வாசற்படி தாண்ட முடியாது. யோசிக்க யோசிக்க, அந்தத் துண்டு ஊரார் கண்ணுக்காகப் போடுவதன்று, தன் கண்ணுக்காகவே போட்டுக்கொள்வது என்று எனக்குப் பட்டது. புதுமைப்பித்தன் எழுதினால் அது புதுமைப்பித்தன் தரத்தில் இருந்தாக வேண்டும்; வேளூர்க் கந்தசாமிப் பிள்ளைக்கு அப்படியொரு நிர்ப்பந்தமும் கிடையாது. கீர்த்தி என்பது சொந்த வீட்டிலேயே ஒருவனை அதட்டும் மாமனாராகையால், அவர் அசந்த சமயம் பார்த்துப் புழக்கடை வழியாக வெளியேற ஒரு பெயர் தேவைப்படுகிறது. என்னை அதட்டும் அளவுக்கு எனக்குக் கீர்த்தி இல்லை என்பது வாஸ்தவமே. இருந்தாலும் பெரியோர் சென்ற வழியில் செல்வது சம்பிரதாயம் அல்லவா?

எங்கள் தெருக்கோடியில், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பண்டிதர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சென்று, "ஐயா, வெண்பா எழுதக் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "ஏன் வே, பென்ஷன் ஒழுங்காக வருகிறதல்லவா?" என்று கேட்டார். காரிகை கற்பதைக் காட்டிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பதே மேல் என்ற பழமொழியை அவர் எடுத்துக்காட்ட, பேரிகை கொட்ட இந்த வயதில் தோளில் வலு இல்லை என்று நான் விண்ணப்பித்துக்கொள்ள, மறுநாளே பாடம் தொடங்கியது. மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டும். விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசை வரவேண்டும். கனிச்சீருக்கு வெண்பாவில் பிரவேசமே கிடையாது. ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் முடியவேண்டும். இத்தனை சட்டங்களுக்குட்பட்டுப் பெண்ணின் கூந்தலையும் மழையின் கருணையையும் பாடிய நம் முன்னோர் சாமானியர்கள் அல்லர்.

எனக்கோ இந்தச் சட்டங்கள் தலைக்கேறி, காதில் விழும் வார்த்தைகளையெல்லாம் அசை பிரித்துப் பார்க்கும் வியாதி பிடித்துக்கொண்டது. என் மனைவி எழுதிக் கொடுத்த சீட்டோடு பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போனால், கத்தரிக்காயும் பூசணிக்காயும் கூவிளங்காய்களாகவும், முருங்கைக்காயும் புடலங்காயும் புளிமாங்காய்களாகவும், வாழைக்காய் தேமாங்காயாகவும் காட்சியளித்தன. காயென்று முடியாத வெங்காயமும் பரிசோதனையில் தேமாங்காயாகவே தேறியது. மிளகாயோ, பெயரில் காயை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறதேயொழிய, யாப்பின்படி வெறும் புளிமா. கத்தரிக்காயைப் பைக்குள் போட்டதும் அதையடுத்து வெங்காயம் போடலாம், வாழைக்காய் போடலாம்; ஆனால் நிரையில் தொடங்கும் முருங்கைக்காயைப் போட்டால் தளை தட்டுகிறது. ஆகவே அதை வாங்காமலே வீடு திரும்பினேன். "முருங்கைக்காய் எங்கே?" என்றாள் என் மனைவி. "தளை தட்டியது" என்றேன். "சாம்பாரில் தட்டாது, போய் வாங்கிட்டு வாங்க" என்றாள். மறுபடி போய் வாங்கி வந்தேன்.

கொத்தவரங்காய்தான் என்னைப் பெரிதும் அலைக்கழித்தது. கொத்-தவ-ரங்-காய் என்று நான்கு அசை வருகிற அந்தக் காய்க்கு வெண்பாவில் இடமே இல்லை என்று தீர்மானித்துப் பண்டிதரிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார். "கொத்த என்று ஒரு சீர், வரங்காய் என்று மறு சீர், தேமாவை அடுத்து நிரை வந்துவிட்டதே, தளை தட்டுகிறதா, பாரும்" என்றார். தட்டவில்லை. உயிருள்ள ஒரு சொல்லை இப்படிக் கழுத்தில் வெட்டலாமா என்று கேட்டதற்கு, "அதற்கு வகையுளி என்று பெயர். பழம் புலவர் செய்தால் வகையுளி; நீர் செய்தால் பிழை" என்று தீர்ப்பளித்துவிட்டார். அன்றைக்கே எனக்கு இன்னொரு ரகசியமும் விளங்கியது. தாமிரபரணி நாலசை கொண்ட நதி. எந்த வெண்பாவிலும் முழுசாக நுழையாது. பொருநை என்றால் அடக்கமான ஒரு புளிமா. பாட்டில் அந்த ஆறு பொருநையாக ஓடுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனக்கு இந்தக் காரணமே திருப்தியாக இருக்கிறது.

நாளடைவில் வெண்பாக்கள் சில தேறின. அவற்றில் பொருள் இருந்ததாகச் சொல்ல மாட்டேன், தளை இருந்தது. பண்டிதர் அவற்றைப் படித்து, "பிழை இல்லை" என்றார். இதற்கு மேல் அவர் எவரையும் புகழ்ந்ததில்லை என்று பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்தத் தைரியத்தில் வானொலிக்கு நாடகம் எழுதவும் சம்மதித்துவிட்டேன். கதைகளும் எழுதி, வானொலியிலும் உத்தியோகம் பார்த்து, சேவா ஸ்டேஜ் குழுவுக்கு நாடகமும் எழுதிக் கொடுத்த தி. ஜானகிராமனை மனத்தில் தியானித்துக்கொண்டு, கால்மணி நேர நாடகம் ஒன்றைத் தயாரித்து எடுத்துப்போனேன். இங்கே முக்காட்டுக்கு வழியில்லை. சன்மானச் செக்கு சொந்தப் பெயரில்தான் வரும். தயாரிப்பாளர் முதல் பக்கத்தைப் படித்தார். 'அவன் பதில் சொல்லாமல் ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்' என்று என் கதைகளில் நான் மிகவும் பெருமைப்படும் வகையைச் சேர்ந்த வாக்கியம் ஒன்று அதில் இருந்தது. "சார், இவர் பார்க்கிறது நேயர்களுக்கு எப்படிக் கேட்கும்?" என்றார் அவர். மௌனமாக விட்டுவிடலாமே என்றேன். "வெகுநேரம் மௌனமாக விட்டால், நிலையம் கெட்டுப்போச்சு என்று போன் வரும்" என்றார்.

அதைவிடப் பெரிய தர்மசங்கடம் பெயர் விஷயத்தில் உண்டாயிற்று. பேசுவது யாரென்று நேயர்களுக்குப் புரிய வேண்டுமானால், பாத்திரங்கள் ஒருவரையொருவர் அடிக்கடி பெயர் சொல்லி அழைத்துக்கொள்ள வேண்டுமாம். என் நாடகத்திலோ பாத்திரங்கள் இரண்டே பேர்: கணவன், மனைவி. எங்கள் பக்கத்து மனைவி, தலையே போனாலும் கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். 'இந்தாங்க', 'உங்களைத்தான்' என்பவற்றைக் கொண்டு கால்மணி நேரம் ஓட்டினால், கதாநாயகன் நாமகரணம் ஆகாமலே நாடகம் முடிந்துவிடும். தயாரிப்பாளர் ஒரு மாமியாரைச் சேர்க்கச் சொன்னார். மாமியார் வந்தால் கால்மணி போதாது. கடைசியில் ஒரு கடன்காரனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். அவன் கதாநாயகனின் பெயரை, இனிஷியல் உட்பட, தெருவே கேட்கும்படி கூப்பிட்டான். நாடகத்துக்கு அதுவரை இல்லாத ஒரு கதையும் அவனால்தான் கிடைத்தது. நான் மாதக்கணக்கில் யோசித்து எழுதிய தம்பதிகளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தவர்களெல்லாம் அந்தக் கடன்காரனையே விசாரித்தார்கள்.

இவ்வளவு அவஸ்தைக்கும் பிறகு மறுபடி ஒரு சிறுகதை எழுத உட்கார்ந்தபோது, பேனா பழைய மாதிரி ஓட மறுத்தது. 'மெல்ல மெல்லத் தயங்கித் தயங்கி' என்று எழுதிவிட்டு, நாலு சீர் எதற்கு, இரண்டு போதுமே என்று அடித்தேன். ஜன்னல் வழியே பார்க்கத் தொடங்கிய கதாநாயகனைத் தோளைத் தொட்டுத் திருப்பி, வாயைத் திறந்து பேச வைத்தேன். கதை வழக்கத்தில் பாதி நீளமே வந்தது. பத்திரிகாசிரியர் சன்மானத்தையும் பாதியாக்கிவிட்டார் என்பதைத் தவிர, இதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை.

வெண்பாக்களின் கதிதான் பாக்கி. அவற்றுக்கென்று, பெரியோர் வழக்கப்படி, கவிராயர் என்று முடியும் ஒரு கம்பீரமான பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகைக்கு அனுப்பி வைத்தேன். முக்காடு முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் வீட்டிலும் மூச்சுவிடவில்லை. சில வாரங்களுக்குப் பின் ஒரு பகல் வேளையில், நான் பண்டிதர் வீட்டுத் திண்ணையில் இருந்த சமயம், தபால்காரர் எங்கள் வாசலில் நின்று, "இங்கே கவிராயர் யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். "அப்படி யாரும் இங்கே இல்லையே! இவர் கதை எழுதுகிறவராச்சே" என்று என் மனைவி, முப்பது வருஷத்துப் பதிவிரதையின் உறுதியோடு சாட்சி சொல்லியிருக்கிறாள். கவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அதற்குள் இருந்தது ஏற்புக் கடிதமா, என் வெண்பாக்களேதானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கனமான கவரா என்று தபால்காரரைக் கேட்டேன். கவிராயர்களுக்கு வருவதெல்லாம் கனமாகத்தான் இருக்கும் என்று அவர் பொதுப்படையாகச் சொல்லிவிட்டார்.

ஆகையால், பாளையங்கோட்டைத் தபால் முத்திரையோடு வந்த வெண்பாக்களை வைத்திருக்கும் பத்திரிகாசிரியர் இந்த வியாசத்தைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து மறுபடி ஒருமுறை எழுத வேண்டும். அச்சிடுவதானாலும் சரி, திருப்பி அனுப்புவதானாலும் சரி, கவிராயர் பெயருக்கே அனுப்பலாம். வீட்டில் சொல்லி வைத்துவிட்டேன். வெண்பாக்களில் கொத்தவரங்காய் வரும் இடத்தை மட்டும் அச்சுக் கோப்பவர் பிழையென்று கருதி ஒட்டிவிடாமல் இருக்க வேண்டும், அது வகையுளி.