மருமவனுக்க போர்ட்ரான் காரியம்

கம்பைலர் எது கொள்ளாம்னு மாமன்கிட்ட கேக்க வந்தியே மருமவனே, அதுவே பெரிய காரியமாக்கும். நெய்யாறு டேம்ல ஷட்டர் தூக்கினா தண்ணி எதுவரை ஏறும்னு கணக்குப் போடுத புரோகிராம், இல்லியா? அப்போ முதல்ல -ஓஃபாஸ்ட் போடு. கூட்டுத முறைய அது தன் இஷ்டத்துக்கு மாத்தும். கணக்குல நேன், அதாவது எண்ணே இல்லாத விடை, வரவே வராதுன்னு அதுவே நம்பிக்கிடும். தண்ணி மலைமேல ஏறினாலும் வெரசலா ஏறுமே!

வார்னிங் வந்து நச்சரிச்சா சின்ன டபிள்யூ ஒண்ணு போட்டு வாய அடச்சிரு. நம்ம அமரவிளை செக்போஸ்ட்ல எக்சைஸ்காரன் எல்லா வண்டியையும் கைகாட்டி விட்டது போல, சுகமாக்கும்.

2011-ல தும்பா இஸ்ரோக்காரங்க சாகா-220-ன்னு சூப்பர்கம்ப்யூட்டர் வச்சாங்க. 400 என்விடியா ஜிபியு, 220 டெராஃப்ளாப்ஸ். அதப் படிச்சதுல இருந்து உனக்கும் ஜிபியு வேணும், என்விஃபோர்ட்ரான் வேணும். வாங்கு, ஆரு வேண்டாம்னா? ஆனா உனக்க புரோகிராம்ல இம்ப்ளிசிட் நன் எங்கலே? நீர்மட்டத்துக்கு 'லெவல்'னு பேரு வச்சிருக்க. இம்ப்ளிசிட் நன் இல்லாம, வகையும் சொல்லாம விட்டா, ஐ முதல் என் வரை எழுத்துல தொடங்குத பேரெல்லாம் முழு எண். 1957-ல ஐபிஎம் 704 கம்ப்யூட்டருக்கு போர்ட்ரான உண்டாக்கின பாக்கஸ் கூட்டத்தார் செஞ்சு வச்ச ஏற்பாடு. தண்ணி 2.7 மீட்டர் ஏறினா உனக்க லெவல் 2-னு வெட்டிப்போடும். ஊரே மாடியில நிக்கும்போ உனக்க படத்துல முற்றத்துல கோழி மேயும். ஜிபியு வந்தா அந்தக் கோழி இன்னும் வெரசலா மேயும், அவ்வளவுதான்.

காசில்லாத ஜிஃபோர்ட்ரான் போதும் மக்களே. -வால், -ஜி, -எஃப்செக்=ஆல் மூணையும் போடு. அந்த 2.7 வெட்டுப்படுத இடத்த -வால் காட்டித்தரும். நூறு இடம் உள்ள அரேல நூத்தியொண்ணாவதத் தொட்டா, எந்த வரின்னு சொல்லி நிறுத்தும். ஓட்டம் மெதுவாவும்; ஆவட்டு, உனக்காக ஷட்டர் காத்துகிட்டு நிக்கல்ல.

பொறவு இன்டெல்ல ஒருக்கா ஓட்டு. பழைய ஐஃபோர்ட்ட 2025 பதிப்புல எடுத்துட்டான், ஐஎஃப்எக்ஸ்தான் இனி. ஒண்ணு பாத்துக்கோ: ஜிஃபோர்ட்ரான் எழுதின மாட்யூல் (.mod) கோப்ப ஐஎஃப்எக்ஸ் வாசிக்காது. டேட்டா கோப்பு வாசிக்க நீ வச்சிருக்க நெட்சிடிஎஃப் லைப்ரரியையும் அதுலயே மறுபடி கட்டணும். அதுல ஒரு ராத்திரி போவும், அப்போ மாமன ஏசாத.

ரெண்டு விடையும் கடைசி தசமத்துல மாறினா பயப்படாத. மீட்டரே மாறினா ஓஃபாஸ்ட்ட நினைச்சும் பாக்காத, எனக்கிட்ட கொண்டு வா. சாயாப்பொடி கால்கிலோ வாங்கிட்டு வா, இங்க தீந்து போச்சு.